புலம்பெயர் மருத்துவர்களின் ஒன்றுகூடலில் தொடர்கல்வி அமர்வை ஒழுங்குசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே ஒரே மண்டபத்தில் உடற்கூற்றியல் படித்து, ஒரே போதனா வைத்தியசாலையின் விடுதிகளில் கட்டில் கட்டிலாக நோயாளரைப் பார்த்துப் பழகியவர்கள் இன்று பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா, ஐக்கிய அமெரிக்கா, நோர்வே எனப் பல நாடுகளில் தொழில் செய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் குடும்பத்தோடு கூடும்போது, நிகழ்ச்சி நிரலில் "தொடர் மருத்துவக் கல்வி" (பட்டம் பெற்றபின்னும் மருத்துவர்கள் தொடர்ந்து கற்பது) என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரிக்குள் என்ன நடக்கிறது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். நான் பிரித்தானியாவில் பணியாற்றுவதால் அங்கு நடக்கும் ஒன்றுகூடலையே மையமாக வைத்து எழுதுகிறேன். சென்னை, மதுரை, கொழும்பு, பேராதனைப் பழைய மாணவர்களுக்கும் விதிகளைத் தவிர ஏனையவை பெரும்பாலும் பொருந்தும்.

நான் முதன்முதலில் ஒழுங்குசெய்த அமர்வை மதிய உணவுக்குப் பின் வைத்தேன். ஐம்பது படவில்லைகளோடு வந்த ஒரு நிபுணர் தமது துறையின் புதிய மருந்துகளைப் பற்றி நேர்த்தியாகப் பேசினார். பாதிப்பேர் வெளியே தேநீர் மேசையைச் சுற்றி நின்று, இருபது ஆண்டுகளாகக் காணாத நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அந்தத் தேநீர் மேசையில்தான் ஒரு குடும்ப மருத்துவர் தாம் தவறவிட்ட ஒரு நோய்நிர்ணயத்தைப் பற்றியும், அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தவர் அதே நிலையில் அங்கே என்ன செய்வார்கள் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் கிடைக்காத கல்வி வெளியே நடந்தது. அந்த உரையாடலை மண்டபத்துக்குள் கொண்டுவருவதற்கான வழிகளை அதன்பின் ஒவ்வொன்றாகத் தேடினேன். கீழே வரும் படிகள் அப்படி உருவானவை.

முதற்படி: வருகிறவர்கள் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று அறிதல்

ஒன்றுகூடலுக்கு ஏழு அல்லது எட்டு மாதங்களுக்கு முன், பெயர்ப்பதிவுப் படிவத்திலேயே இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள்: எந்த நாட்டில் பதிவுபெற்றுத் தொழில் செய்கிறீர்கள்? எந்தத் துறையில்? இந்த விடைகள் கைக்கு வராமல் சான்றிதழைப் பற்றியும் மணித்தியாலங்களைப் பற்றியும் எவருக்கும் வாக்குறுதி அளிக்க வேண்டாம்.

பிரித்தானியாவில் மீள்சரிபார்ப்பு முறை 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மருத்துவரும் ஆண்டுதோறும் அப்ரைசல் எனப்படும் மதிப்பீட்டுக்குச் சென்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தமது தகுதியை உறுதிப்படுத்த வேண்டும். மருத்துவர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் பொது மருத்துவப் பேரவை இத்தனை மணித்தியாலம் படித்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. துறைவாரியான மருத்துவர்களின் அமைப்புகளான றோயல் கல்லூரிகள்தாம் ஆண்டுக்கு 50 புள்ளிகளை அளவுகோலாக வைத்திருக்கின்றன. ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கற்றல். பொது மருத்துவ நிபுணர்களுக்கான கல்லூரிகள் அதில் 25 புள்ளிகளாவது தாம் பணிபுரியும் நிறுவனத்துக்கு வெளியே பெறப்பட வேண்டும் என்கின்றன. ஒன்றுகூடல் அமர்வு அந்த வெளிப்பங்குக்கு நன்றாகப் பொருந்தும். முன்கூட்டிய அங்கீகாரம் இல்லாவிட்டாலும், கற்றது என்ன, அதனால் தமது நடைமுறையில் எது மாறியது என்று எழுதிவைத்தால் அப்ரைசலில் அதைத் தாராளமாக முன்வைக்கலாம்.

அவுஸ்திரேலியாவில் நிலை வேறு. 2023 ஜனவரி முதல் ஆண்டுக்கு 50 மணித்தியாலங்கள் கட்டாயம், அவை பிரிக்கப்பட்டும் இருக்கின்றன. குறைந்தது பன்னிரண்டரை மணித்தியாலம் கல்விச் செயற்பாடுகளுக்கும், குறைந்தது இருபத்தைந்து மணித்தியாலம் தமது செயற்பாட்டை மீளாய்வு செய்வதற்கும் சிகிச்சையின் பெறுபேறுகளை அளவிடுவதற்கும் செலவாக வேண்டும். அந்த இருபத்தைந்துக்குள் மீளாய்வும் அளவீடும் ஒவ்வொன்றும் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. மீதியை எந்த வகைக்கும் ஒதுக்கலாம். ஆகவே சிட்னியில் இருந்து வரும் நண்பருக்கு விரிவுரை கேட்பதைவிட, தமது நோயாளரைப் பற்றிச் சக மருத்துவர்களோடு ஆராய்வது அதிகப் பயன் தரும். அமர்வின் வடிவத்தையே தீர்மானிக்கக்கூடிய விவரம் இது.

ஐக்கிய அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. எடுத்துக்காட்டாகக் கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு 50 மணித்தியாலங்கள் வேண்டும். அங்கே முதல்வகைப் புள்ளி (அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சிக்கு உரியது) வழங்க விரும்பினால், அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் ஒன்று திட்டமிடும் கட்டத்திலேயே இணைந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்தபின் விண்ணப்பித்துப் பெற முடியாது. லண்டனில் நடக்கும் சிறிய அமர்வுக்காக இந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவில் இருந்து வருகிறவர்கள் இதை இரண்டாம்வகைப் புள்ளியாகத் தாமே பதிந்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது போதும். இந்தியாவில் பதிவை வைத்திருப்பவர்களுக்கு ஐந்தாண்டுக்கு 30 மணித்தியாலம் என்பது பொது அளவு. ஆனால் வெளிநாட்டு அமர்வை ஏற்பதா என்பது அந்தந்த மாநில மருத்துவப் பேரவையின் கையில் இருக்கிறது. பதிவை வைத்திருப்பவரே அங்கே கேட்டறிய வேண்டும்.

இரண்டாம்படி: நாளையும் நேரத்தையும் வகுத்தல்

கல்வி அமர்வு காலையில் நடக்கட்டும். சனிக்கிழமை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றரை மணிக்கு முடித்தால், குளிப்பதற்கும் உடைமாற்றுவதற்கும் போதிய நேரம் விட்டு மாலை விருந்தைத் தொடங்கலாம். முதல்நாள் வெள்ளி இரவில் சிறிய சந்திப்பு ஒன்றை வைத்துவிடுங்கள். பல ஆண்டுகளுக்குப் பின் பார்க்கும் முகங்களோடு பேசும் ஏக்கம் ஓரளவு தணிந்திருந்தால்தான் மறுநாள் காலை அமர்ந்து கேட்க முடியும்.

பிள்ளைகளுக்குத் தனி அறையும் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். இதை ஒரு சின்ன விடயமாக எண்ணக்கூடாது. கணவனும் மனைவியும் மருத்துவர்களாக இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அறை இல்லாவிட்டால் இருவரில் ஒருவர் பிள்ளையோடு வெளியே நிற்பார். நான் பார்த்தவரை, வெளியே நிற்பவர் பெரும்பாலும் பெண் மருத்துவராகவே இருந்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தையும் காணொளி வழியாக இணைக்க விரும்பினால் நேரக்கணக்கு முக்கியம். ஜூலை மாதத்தில் லண்டனில் காலை பத்து மணி என்றால் யாழ்ப்பாணத்தில் பிற்பகல் இரண்டரை, சிட்னியில் இரவு ஏழு, ரொறன்ரோவில் அதிகாலை ஐந்து. லண்டனில் ஒரு மணியாகும்போது யாழ்ப்பாணத்தில் மாலை ஐந்தரை, ரொறன்ரோவில் காலை எட்டு. எனவே யாழ்ப்பாணத்தாரின் பகுதியை முதலிலும், கனடாவில் இருந்து இணைகிறவர்களின் பகுதியைக் கடைசியிலும் வைத்தால் எவரும் நள்ளிரவில் விழித்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாம்படி: தலைப்பைத் தேடாமல் நோயாளரைத் தேடுதல்

உலகின் எந்த மாநாட்டிலும் கேட்கக்கூடிய விரிவுரையை ஒன்றுகூடலில் மீண்டும் ஒருமுறை கேட்பதற்கு ஒருவரும் விமானம் ஏறி வரத் தேவையில்லை. இந்தக் கூட்டத்தில் மட்டுமே கற்கக்கூடியது எது என்பதுதான் ஒழுங்கமைப்பவர் தம்மைக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே இடத்தில் பயின்றவர்கள், ஒரே மொழியில் நோயாளரிடம் வரலாறு கேட்டுப் பழகியவர்கள், இன்று ஐந்து வெவ்வேறு சுகாதார அமைப்புகளுக்குள் இருந்து ஒரே சமூகத்து மக்களைப் பார்க்கிறார்கள். இத்தகைய குழுவை வேறெந்தக் கல்லூரியாலும் கூட்ட முடியாது.

மூன்று மாதங்களுக்கு முன் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள் அனுப்புங்கள்: கடந்த ஆண்டில் உங்களைத் தடுமாற வைத்த ஒரு நோயாளரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி, பத்து வரிகளுக்குள் எழுதி அனுப்புங்கள். நாற்பது பேரிடம் கேட்டால் பத்துப்பேர் அனுப்புவார்கள், அது போதுமானது. அவற்றைப் படிக்கும்போது தலைப்புகள் தாமாகவே திரளும். எங்களுக்கு அவ்வாறு திரண்டவற்றுள் சிலவற்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நீரிழிவும் இதயநோயும் எதிர்பார்த்தபடி முதலிடத்தில் வந்தன. ஆனால் கேள்விகள் கூர்மையானவை. தெற்காசியருக்கு உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) 23இலேயே அபாயம் தொடங்குகிறது என்றும் 27.5ஐ உடற்பருமனின் எல்லையாகக் கொள்ள வேண்டும் என்றும் பிரித்தானிய வழிகாட்டல்கள் சொல்கின்றன. தம் சிகிச்சை நிலையத்தின் கணினி அந்த எல்லைகளைக் காட்டுகிறதா என்று எத்தனைபேர் பார்த்திருக்கிறோம்? தலசீமியா என்ற பரம்பரைக் குருதிநோயின் காவியாகவோ இரும்புச்சத்துக் குறைந்தவராகவோ இருக்கும் பெண்ணின் எச்பிஏ1சி அளவை (இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) அப்படியே நம்பலாமா? பக்கவாதத்துக்குப் பின் கொடுக்கப்படும் குளோப்பிடோகிரல் என்ற குருதி உறைவுத் தடுப்பு மருந்தைச் செயல்நிலைக்கு மாற்றும் நொதி தெற்காசியரில் பலருக்குக் குறைவாக வேலைசெய்கிறது. பிரித்தானியாவில் 2024 ஜூலையில் அதற்கான மரபணுச் சோதனை பரிந்துரைக்கப்பட்டது. அந்தச் சோதனை உங்கள் வைத்தியசாலையில் கிடைக்கிறதா, இல்லாவிட்டால் என்ன செய்கிறீர்கள் என்ற ஒரே கேள்வி அரைமணி நேரத்துக்கு அறையை விழிப்போடு வைத்திருந்தது.

அடுத்தது ஊருக்குப் போய்த் திரும்புவோரின் காய்ச்சல். நல்லூர்த் திருவிழாவுக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் ஆயிரக்கணக்கானோர் யாழ்ப்பாணம் போய்வருகிறார்கள். இலங்கையில் மலேரியா ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. ஆயினும் டெங்கு, குறிப்பாக வடகீழ்ப் பருவமழையை ஒட்டிய மாதங்களில், ஓயவில்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் குருதிநாளங்களில் இருந்து நீர்மம் கசியும் அபாயக்கட்டம் தொடங்குகிறது என்பதும், அந்த வேளையில் நீர்மத்தை அளந்து கொடுப்பதே உயிரைக் காக்கும் என்பதும் இலங்கையில் விடுதியில் நின்ற எந்தப் பயிற்சி மருத்துவருக்கும் தெரியும். பத்தாண்டுகள் பிரித்தானியக் குடும்ப மருத்துவத்தில் இருந்தவருக்கு அது மறந்திருக்கும். மெலியொய்டோசிஸ் இதைவிடப் பெரிய பொறி. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வரும் இந்நோய் நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் பிடிக்கிறது. ஊரில் மழைக்கால வெள்ளத்துக்குள் நடந்துவிட்டு வந்த நீரிழிவு நோயாளர் நியூமோனியாவோடோ ஈரலில் சீழ்க்கட்டியோடோ வந்தால் இதை நினைக்க வேண்டும். நினைத்தால், மாதிரியை அனுப்பும்போதே ஆய்வுகூடத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அங்கே பணிபுரிவோருக்கும் ஆபத்து, கிருமியும் வேறொன்றாக அடையாளம் காணப்படலாம். நாளத்தின் வழியான சிகிச்சை முடிந்தபின் குறைந்தது மூன்று மாதங்களுக்கு வாய்வழி மருந்து தேவை என்பதை வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் எழுத மறப்பதும் உண்டு.

இந்தப் பகுதியை நடத்தத் தகுதியானவர்கள் லண்டனில் இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையில் இன்று பணிபுரியும் நிபுணர்களே இதற்கு ஆசிரியர்கள். அவர்களை வாழ்த்துரைக்காக மட்டும் திரையில் தோன்றச் சொல்லாமல், முதல் பாடத்தையே அவர்களிடம் ஒப்படையுங்கள்.

மூன்றாவது, மொழி. நாம் எல்லோரும் மருத்துவத்தை ஆங்கிலத்தில் படித்தவர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் லண்டனின் ஹரோவிலோ ரொறன்ரோவின் ஸ்காபரோவிலோ எழுபது வயது அம்மா ஒருவரிடம் முதுமை மறதிநோய் என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டால் திணறுகிறோம். "அறளை" என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா? அதில் ஏளனம் கலந்திருக்கிறதே, அப்படியானால் எதைச் சொல்வது? நோயாளர் "நாரி உளைவு" (இடுப்பு வலி), "நெஞ்சு அடைக்குது", "ஒரே யோசனை", "பெருமூச்சு வருது" என்று சொல்லும்போது, மொழிபெயர்ப்பாளர் கவலையைக் குறிக்கும் "யோசனை" என்பதைச் சிந்தனை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனால், மனச்சோர்வு ஒன்று கண்ணெதிரே தவறிப்போகிறது. போரின் பின்விளைவைத் தனிமனித நோயாக மட்டும் பார்க்காமல் கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்பதை யாழ் மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவந்திருக்கிறார். அந்தப் பார்வையோடு இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் நோயாளராகவும் மற்றவர் மருத்துவராகவும் தமிழில் பேசிப்பார்க்கும் நாற்பது நிமிடப் பயிற்சியை நான் எந்த விரிவுரைக்கும் மேலாக மதிக்கிறேன்.

நான்காம்படி: நோயாளரின் அடையாளத்தைக் காத்தல்

பெயரையும் பிறந்த திகதியையும் நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று பொதுவான மாநாட்டில் ஓரளவு நம்பலாம். நம் ஒன்றுகூடலில் நம்ப முடியாது. "ஹரோவில் கடை வைத்திருக்கும், வடமராட்சியைச் சேர்ந்த ஐம்பத்தைந்து வயதுக்காரர், மகன் போரில் இறந்தவர்" என்று சொன்னால் அறையில் இருப்பவர்களில் மூன்றுபேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஒருவருக்கு உறவினராகவும் இருக்கலாம். ஊர், பாடசாலை, தொழில், நாட்டைவிட்டு வந்த ஆண்டு, இழப்பின் விவரம் ஆகிய ஐந்தும் நம் சமூகத்தில் பெயருக்குச் சமம். நோயை விளங்கிக்கொள்ளத் தேவையில்லாத எதையும் நீக்கிவிடுங்கள். வயதைப் பத்தாண்டு வரம்பாகக் குறிப்பிடுங்கள். படங்களுக்கு நோயாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். திரையில் வரும் எதையும் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் பகிரக்கூடாது என்பதை அமர்வின் தொடக்கத்திலேயே தலைமை வகிப்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். நோயாளரைப் பற்றிய பகுதியைக் காணொளியாகப் பதிவுசெய்யாமல் விடுவதே நல்லது.

ஐந்தாம்படி: பணம்

மண்டபம், தேநீர், ஒலிவாங்கி ஆகியவற்றின் செலவைப் பதிவுக்கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். மருந்து நிறுவனங்களின் உதவியை நாடாதிருப்பதே என் பரிந்துரை, அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பிரித்தானியாவில் மருந்துத் தொழிற்றுறையின் ஒழுக்கக்கோவை, மருத்துவர்களின் குடும்பத்தினருக்கோ உடன்வருவோருக்கோ நிறுவனங்கள் செலவுசெய்வதை அனுமதிப்பதில்லை. குடும்பத்தோடு கூடும் நிகழ்வில் அந்தப் பணத்தை எந்த உணவுத்தட்டு வரை பயன்படுத்தலாம் என்று பிரித்துக்காட்டுவது கடினம். விருந்துக்கு நகைக்கடையோ சட்டத்தரணியோ உதவினால், அவர்களின் பதாகை விருந்து மண்டபத்தில் மட்டும் இருக்கட்டும். கல்வி மண்டபத்துக்குள் வரவேண்டாம். பேசுகிறவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு மருந்து அல்லது கருவி நிறுவனங்களோடு உள்ள பணத்தொடர்பை முதற் படவில்லையிலேயே காட்ட வேண்டும். அமெரிக்க விதிகள் கடந்த 24 மாதங்களின் தொடர்புகளைக் கேட்கின்றன. நாமும் அதே காலத்தையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம்படி: மூத்தவர்கள் முன்னால் இளையவர்கள் பேசுவதற்கு வழிசெய்தல்

இதை எழுதும்போது தயக்கம் வருகிறது. ஆயினும் சொல்லாமல் விட முடியாது. நம் பீடத்தில் ஓர் அணி (ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர்கள்) முந்தியவரும் அண்ணா அல்லது அக்கா. கற்பித்தவர் எந்த வயதிலும் சேர். இந்த மரியாதை நம்மை இத்தனை ஆண்டுகளாக ஒன்றாக வைத்திருக்கிறது, அதை இழக்க எவரும் விரும்பவில்லை. ஆனால் சேர் ஒரு நோய்நிர்ணயத்தைச் சொல்லிவிட்டால், அந்தத் துறையிலேயே இன்று நிபுணராக இருக்கும் மாணவர்கூட மறுத்துப் பேசமாட்டார். தவறிய ஒன்றை ஒப்புக்கொள்வது அதைவிடக் கடினம்.

இதற்கு மூன்று ஒழுங்குகள் உதவின. வட்ட மேசைகளில் இருக்கைகளை அணிவாரியாக அமைக்காமல், ஒரு மேசையில் ஒரு குடும்ப மருத்துவர், ஒரு சத்திரசிகிச்சையாளர், ஓர் உளமருத்துவர், வேறு நாட்டில் இருந்து வந்த ஒருவர் என்று கலந்து அமர்த்துங்கள். ஒவ்வொரு நோயாளரைப் பற்றியும் பேசும்போது மிக இளைய அணியைச் சேர்ந்தவர் முதலில் பேச, மூத்தவர் கடைசியில் பேசட்டும். இதை முன்கூட்டியே மூத்தவர்களிடம் தனியாகச் சென்று, "சேர், நீங்கள் கடைசியில் தொகுத்துச் சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று வேண்டிக்கொண்டால் அவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள். மூன்றாவதாக, பெயர் எழுதாத கேள்விச்சீட்டுகளை மேசையில் வையுங்கள். எங்கள் அமர்வில் மிகப் பயனுள்ள கேள்விகள் அந்தச் சீட்டுகளில்தான் வந்தன.

தலைமை வகிப்பவரைத் தெரிவுசெய்யும்போது பதவியைப் பார்க்காதீர்கள். நேரத்தைக் கண்டிப்பாகக் காப்பவராகவும், பேசாமல் இருப்பவரைக் கவனிப்பவராகவும் இருந்தால் போதும்.

ஏழாம்படி: அந்தக் காலை எப்படிப் போக வேண்டும்

ஒன்பதரை மணிக்கு அனைவரும் வரவுப்பதிவில் கையெழுத்திட்டு அமர்கிறார்கள். ஒன்பதே முக்காலில் இருந்து பத்தேகால் வரை அறிமுகமும் முதல் நோயாளரைப் பற்றிய மேசைக் கலந்துரையாடலும். பத்தேகால் முதல் பதினொன்று வரை யாழ்ப்பாணத்தில் இருந்து காணொளி வழியான பகுதி: இருபது நிமிடம் உரை, இருபத்தைந்து நிமிடம் கேள்விகள். பின்னர் அரைமணித் தேநீர். இந்த இடைவேளையைக் குறைக்காதீர்கள். பதினொன்றரை முதல் பன்னிரண்டே கால் வரை மீதி இரண்டு நோயாளரும், பன்னிரண்டே கால் முதல் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்வரை தமிழில் உரையாடும் பயிற்சியும். அதன்பின் ஒன்றேகால் வரை கனடாவில் இருந்து இணைகிறவர்களின் சிறு பகுதியும், கடைசிப் பதினைந்து நிமிடம் எழுதுவதற்கும்.

இங்கே கற்றலாகக் கணக்கிடக்கூடியது பதினைந்து நிமிடப் பதிவையும் தேநீர் இடைவேளையையும் கழித்துவிட்டு வரும் நேரம் மட்டுமே. பெருந்தன்மையாக முழுநாள் என்று சான்றிதழ் கொடுப்பது நண்பர்களுக்குச் செய்யும் உதவியாகாது. அப்ரைசலிலோ கணக்காய்விலோ கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

காணொளித் தொடர்பை முதல்நாள் மாலையே அதே மண்டபத்தில், அதே கருவிகளோடு சோதித்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பேசுகிறவரிடம் படவில்லைகளை முன்பே வாங்கி வைத்திருந்தால், படம் தடைப்பட்டாலும் தொலைபேசிக் குரலோடு பாடம் தொடரும்.

எட்டாம்படி: அறையை விட்டுப் போகுமுன் எழுதுதல்

கற்றதை மாலையில் எழுதலாம் என்று போனவர் எழுதுவதில்லை. ஆகவே கடைசிப் பதினைந்து நிமிடம் மண்டபம் அமைதியாக இருக்கட்டும். தாளில் மூன்று வினாக்கள் போதும்: இன்று நான் அறிந்தவற்றுள் எது எனக்குப் புதிது அல்லது நான் மறந்திருந்தது? என் சிகிச்சை நிலையத்தில் அடுத்த ஒரு மாதத்துக்குள் எதை மாற்றுவேன்? மாற்றியதை எப்படி அளப்பேன்?

மூன்றாவது வினா முக்கியமானது. "நீரிழிவு பற்றி நன்கு அறிந்துகொண்டேன்" என்று எழுதுவது எவருக்கும் பயன்படாது. "என் நிலையத்தில் உள்ள தெற்காசிய நோயாளரில் உடற்திணிவுச் சுட்டி 23க்கு மேல் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரைச் சோதனை செய்யப்பட்டதா என்று கணினியில் தேடுவேன், மூன்று மாதங்களில் மீண்டும் தேடுவேன்" என்று எழுதினால், பிரித்தானியாவில் அதுவே தரமேம்பாட்டுச் செயற்பாடாக வளரும், அவுஸ்திரேலியாவில் பெறுபேறுகளை அளவிடும் மணித்தியாலங்களில் சேரும்.

எழுதும் குறிப்பிலும் நோயாளரின் அடையாளம் இருக்கக்கூடாது. பிரித்தானியாவில் 2018இல் பொது மருத்துவப் பேரவையும் கல்லூரிகளின் கூட்டமைப்பும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: நடந்ததன் முழு விவரத்தைவிட, அதிலிருந்து கற்றதையும் மேற்கொள்ளும் மாற்றத்தையுமே குறிப்பு தாங்கியிருக்க வேண்டும்.

சான்றிதழில் பெயர், திகதி, இடம், தலைப்புகள், கற்றல் மணித்தியாலம், ஒழுங்கமைத்தவரின் பெயர் ஆகியவை இருக்கட்டும். எழுதிய தாளைக் காட்டியவரிடமே சான்றிதழைக் கொடுப்பது ஒரு நல்ல வழக்கம்.

ஒன்பதாம்படி: பீடத்துக்குத் திரும்பிச் செல்வது

பல ஒன்றுகூடல்கள் பீடத்துக்குப் பணமோ கருவியோ அனுப்புவதோடு கடமை முடிந்ததாக எண்ணுகின்றன. அனுப்புங்கள், ஆனால் முதலில் கேளுங்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டையும் சகாக்கள் வெளிநாடு போவதையும் ஒருசேரத் தாங்கியவர்கள் அங்கே இருப்பவர்கள். நாம் இங்கே நாள்தோறும் செய்யும் சோதனைகளை அடிப்படையாகக் கொண்ட உரை அவர்களுக்கு உதவாமல் போகலாம். இறுதியாண்டு மாணவருக்கு மாதத்துக்கு ஒரு மணித்தியாலம் நோயாளர் கலந்துரையாடல், ஆய்வுக்கட்டுரை எழுத வழிகாட்டல், வலிநிவாரணச் சிகிச்சை பற்றிய தொடர் என்று அவர்கள் கேட்பதே வேறாக இருக்கும். நேரில் சென்று நோயாளரைத் தொட்டுச் சிகிச்சை செய்ய விரும்புகிறவர், இலங்கை மருத்துவப் பேரவையில் தமது பதிவு நிலையை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பிறந்த ஊர் என்பதற்காக அந்த விதி தளராது.

பத்தாம்படி: மூன்று மாதங்களுக்குப் பின்

ஒன்றுகூடல் முடிந்து மூன்று மாதங்களில், வந்த ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கேள்வியை அனுப்புங்கள்: அன்று மாற்றுவேன் என்று எழுதியதை மாற்றினீர்களா, இல்லாவிட்டால் எது தடுத்தது? தடைகளைப் பற்றிய பதில்களில்தான் அடுத்த அமர்வின் முதல் தலைப்பு கிடக்கும். அந்தப் பதில்களையும், வரவுப்பதிவையும், செலவுக்கணக்கையும், நேரம் எங்கே மிஞ்சியது எங்கே போதவில்லை என்ற குறிப்பையும் ஒரே கோப்பில் இட்டு, அடுத்த முறை ஒழுங்கமைக்கும் அணியிடம் கையளியுங்கள்.